செபமாலையின் மற்றப் பாதி

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 2022இல் அவருடைய வேலை போனது. அப்போது வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. சென்ற ஆண்டு அம்மாவும் காலமாகிவிட்டார். அதன்பின் ஞாயிறு திருப்பலிக்குப் போவது மெல்ல மெல்ல நின்றுபோனது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறாராம். "விசுவாசம் எனக்கும் கடவுளுக்கும் இடையிலானது. கஷ்ட காலத்தில் ஓர் ஆலயத்தைச் சேர்ந்த பங்கு, சபை என்று ஒன்று உண்மையில் என்ன செய்கிறது? ஆறுதல் வார்த்தையைத் தவிர வேறு ஏதாவது உண்டா?" என்பது அவருடைய கேள்வி.

உண்டு தம்பி. கொட்டாஞ்சேனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை நான் படிப்பித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில், என் மனைவி கொரோனாவில் இறந்த கிழமையில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த மாதத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 20ஆம் திகதியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. ஆலயங்கள் பூட்டியிருந்தன. உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. இறுதித் திருப்பலி இல்லை, ஆட்கள் வந்து இருந்துவிட்டுப் போகும் அந்த இரண்டு இரவுகளும் இல்லை. மயானத்தில் நானும் மகனும் தூரத்தில் நின்றோம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தபோது என் வாயிலிருந்து ஒரு செபமும் வரவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த வாய் அது.

அன்று மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எங்கள் தெருச் செபக்குழுவினர், பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரே அழைப்பில் சேர்ந்திருந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செபமாலையைத் தொடங்கினார்கள். நான் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது, இன்னொரு வீட்டில் நாய் குரைத்தது. ஒருவருடைய குரல் மற்றவருடையதைவிட இரண்டு நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. அடுத்த நாளும் ஏழு மணிக்கு அழைத்தார்கள். அதற்கடுத்த நாளும்.

செபமாலை சொல்லும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கிப் பாதிவரை சொல்வார். "புனித மரியே, இறைவனின் தாயே" என்று மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிப்பார்கள். ஒரு செபத்தை இரண்டாக உடைத்து இரண்டு பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை சொல்லியும், அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. அந்தக் கிழமை புரிந்தது. நான்கு நாட்கள் என் பக்கத்துப் பாதியையும் அவர்களே சொன்னார்கள். ஐந்தாம் நாள், "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடத்தில், என் குரலும் சேர்ந்துவிட்டதைக் கேட்டேன். நான் தீர்மானித்துச் சொன்னதல்ல அது. ஒன்பதாம் நாள் முடிந்தபோது எனக்குள் பெரிய வெளிச்சம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் செபம் நின்றுபோகவில்லை. என்னிடம் இல்லாத நாட்களில் அது அவர்களிடம் இருந்தது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். விசுவாசம் ஒரே ஆளின் கையில் மட்டும் இருந்தால், அந்தக் கை ஓயும்போது கீழே விழுந்துவிடும். பல பேர் கையில் இருக்கும்போது ஒருவர் சற்று விட்டுவிடலாம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" அவரோடு பேசுகிறார் என்று எழுதியிருக்கிறது. அவர்களுடைய நம்பிக்கையை! படுத்திருந்தவர் நம்பினாரா இல்லையா என்பது பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் இல்லை. இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் அற்புதத்தைத்தான் விளக்கிவந்தேன். தூக்கிவந்தவர்களின் தோள் எவ்வளவு நொந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

"அது தொடக்க காலத்துக் கதை" என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் ஊருக்கே வருகிறேன். மன்னாரில் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் ஏறத்தாழ 600 பேர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட வரலாறு உங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லப்பட்டிருக்கும். மறைசாட்சியரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த, யாரும் அதிகம் பேசாத முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் அவர்களுடைய சபையின் கைக்குப் போயின. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் இப்படியே போயின. யாழ்ப்பாணத்தில் அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தம் மக்களைக் கண்டுபிடித்தார்.

முகம் மாறியது என்பதுதான் எனக்கு முக்கியமான செய்தி. ஒரு தலைமுறைக் காலம் குரு இல்லாமல் அந்த விசுவாசம் எங்கே இருந்தது? வீடுகளில் இருந்தது. செபம் சொல்லிக்கொடுத்த மூப்பரிடமும் அண்ணாவியிடமும் இருந்தது. இரவில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கிய தாயிடம் இருந்தது. மருதமடு அன்னையின் திருச்சுரூபத்தை மாந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவையும் சில குடும்பங்கள்தான். நீங்கள் ஒவ்வோர் ஆவணியிலும் போய்வந்த மடுத் திருவிழா, அப்படி ஓடிய மனிதர்கள் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் ஓடியதால் வந்தது. தனித்தனியாக ஓடியிருந்தால் சுரூபம் எந்தப் பற்றைக்குள் கிடந்திருக்குமோ.

இனி உங்கள் கொச்சிக்கடைக்கு வருவோம். புனித அந்தோனியாரிடம் போவதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் போகிறேன். இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் இந்நாட்டில் எத்தனை உண்டு? ஆனால் செவ்வாய்க்கிழமை அங்கே இருப்பது பக்தர் கூட்டம். நீங்கள் மெழுகுதிரியை ஏற்றுகிறீர்கள், பக்கத்தில் இன்னொருவர் ஏற்றுகிறார், இருவரும் தத்தம் பஸ்ஸைப் பிடிக்கிறீர்கள். அடுத்த செவ்வாய் நீங்கள் வராவிட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு கூட்டம் சபையாக இருக்கிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நீங்கள் வராத நாளில் யாராவது திரும்பிப் பார்த்து, "அந்தத் தம்பியை எங்கே காணவில்லை?" என்று கேட்கிறார்களா?

இந்த ஊரில் அது கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மன்னாரில் அன்பியம் என்று, அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் ஒரு சிறு குழு இருந்திருக்கும். உங்கள் அம்மா எந்த வாங்கில் உட்காருவார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகள் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இல்லை. ஒரு ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு ஓரிடம், மறு ஞாயிறு நேரம் வசதிப்படும் வேறிடம். கொழும்பில் விசுவாசம் மெலிவதற்குச் சந்தேகத்தைவிட இந்த முகவரி இல்லாமைதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கொச்சிக்கடை ஆலயமே ஒரு நாள் சபையாக மாறியதையும் பார்த்தேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 அளவில் அங்கே குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்தது. எல்லாமாக 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்திருந்த பிள்ளைகள். அடுத்த ஞாயிறு நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி இல்லை. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆனால் அன்று காலை கொச்சிக்கடை வீதியில், பொலிஸ் தடுப்புக்கு வெளியே, ஆட்கள் வந்து நின்றார்கள். உள்ளே போக முடியாது என்று தெரிந்தும் வந்தார்கள். மெழுகுதிரி ஏற்றினார்கள், அழுதார்கள். வீட்டில் தொலைக்காட்சியும் பாதுகாப்பும் இருக்க ஏன் அங்கே போய் நிற்க வேண்டும்? தம்பி, இதற்குத் தர்க்கத்தால் பதில் இல்லை. துக்கம் தனியாக இருக்கச் சம்மதிப்பதில்லை.

அந்தக் கிழமைகளில் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்குப் போனோம். போய் என்ன சொன்னோம் என்று கேட்டால், அநேகமாக எதுவும் சொல்லவில்லை. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களை எல்லாரும் குறை சொல்கிறார்கள். அவர்களும் முதலில் ஏழு பகல் ஏழு இரவு தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிழை தொடங்கியது வாயைத் திறந்தபிறகுதான். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் உடனடியாகக் கேட்டுக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மேடையில் அதைச் சொல்வது ஒன்று. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த தகப்பனின் திண்ணையில், அவருடைய கோபத்தை வாங்கிக்கொண்டு இரவு முழுவதும் நான்கு பேர் இருந்தது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் கொட்டாஞ்சேனையைக் காப்பாற்றின. ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முந்தைய நாள், ஆலயம் திரும்பத் திறக்கப்பட்டது. நீதி கேட்கும் போராட்டம் அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயப்பட்ட ஒரு குடும்பம் தனியே இவ்வளவு நாள் நின்றிருக்க முடியாது. நீதி கேட்பதும் விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அழுவதற்கும் ஒரு மொழி வேண்டும், அதைத் தருவதும் சபைதான். தவக்காலத்தில் நம் ஊர்களில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிக்கிறார்கள் அல்லவா? 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழில் எழுதியது. அதை இழுத்து இழுத்து ஒப்பாரியாகப் பாடும்போது, நம் வீட்டு இழவும் அதற்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். உங்கள் அம்மாவும் அதைக் கேட்டு அழுதிருப்பார். திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் திருப்பாடல் ஒரு நம்பிக்கை வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதப்புத்தகத்தில் வைத்து, எல்லாரும் சேர்ந்து வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, கடவுள்மேல் கோபமாக இருப்பதால் கோயிலுக்குப் போகத் தகுதியில்லை என்று நினைத்து நீங்கள் நின்றுவிட்டிருந்தால், அது தேவையில்லை. அந்தக் கோபத்துக்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

சோறு பற்றியும் சொல்ல வேண்டும். வயிறு காயும்போது விசுவாசத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாவம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். எரிவாயு சிலிண்டரை வீதியில் வரிசையாக வைத்துவிட்டு மனிதர்கள் பக்கத்தில் படுத்திருந்தார்கள். அந்த ஆண்டு கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பல சபைகள் சமூகச் சமையலறைகளைத் தொடங்கின. மதம் கேட்காமல் சோறு போட்டார்கள். எங்கள் பங்கில் விறகு கொண்டுவரக் கூடியவர் விறகு கொண்டுவந்தார், தேங்காய் இருந்தவர் தேங்காய் கொண்டுவந்தார். ஒன்றுமில்லாதவர் வந்து வெங்காயம் உரித்தார். அவருக்குத்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம் கிடைத்தது என்று நினைக்கிறேன். பெற்றுக்கொள்கிறவராக மட்டும் இருப்பது மனிதரை உள்ளே நொறுக்கிவிடும். ஒரு வேலை கையில் இருந்தால் அவர் நிமிர்ந்து நிற்பார்.

உதவி செய்யும் விதத்தில் கவனம் வேண்டும். புனித வின்சென்ட் டி போல் சபை 1833இல் பாரிசில் தொடங்கியதிலிருந்து ஒரு பழக்கத்தைக் காத்துவருகிறது: தேவையுள்ளவரின் வீட்டுக்கு நேரில் போவது, போன வீட்டைப் பற்றி வெளியில் பேசாதிருப்பது. இதன் அருமை எனக்குத் தெரியும். ஏனென்றால் எதிர்மாறானதையும் அனுபவித்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் வருமானம் இல்லாத ஒரு காலம் இருந்தது. ஓர் இடத்தில் எனக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தார்கள். கொடுக்கும்போது மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தார்கள். அந்த அரிசியை என் மனைவி சமைத்தார். நான் அன்று சாப்பிடவில்லை. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். யோசிக்காதவர்கள்.

இதைச் சொல்லாமல் சபையின் பெருமையை மட்டும் எழுதினால் நான் உங்களுக்கு உண்மையானவனாக இருக்க மாட்டேன். மனைவி இறந்த மூன்றாம் கிழமை ஒருவர் என்னிடம், "கடவுள் காரணமில்லாமல் எடுக்க மாட்டார்" என்றார். வேறொருவர் விசுவாசம் போதாததால்தான் நோய் குணமாகவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். சாதி பார்ப்பதும், பணக்கார வீட்டு மரணத்துக்கு ஒரு கூட்டமும் ஏழை வீட்டு மரணத்துக்கு இரண்டு பேருமாகப் போவதும் நம்மிடையே உண்டு. இவற்றால் வெளியேறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அந்த ஒன்பது இரவுகளும் அதே மனிதர்களிடமிருந்துதான் வந்தன. "காரணமில்லாமல் எடுக்க மாட்டார்" என்று சொன்னவரும் அந்த அழைப்பில் இருந்தார். ஒன்பது நாளும் தவறாமல்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பெரிய திரும்புதல் எதுவும் வேண்டாம். உங்கள் அறைக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ள ஓர் ஆலயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டு நன்றாக இருக்கும் இடத்தைத் தேடி அலையாமல், பக்கத்தில் இருப்பதையே எடுங்கள். ஒரே நேரத்துத் திருப்பலிக்கு, ஒரே வாங்கில், ஆறு ஞாயிறு தொடர்ந்து இருங்கள். செபிக்க முடியாவிட்டால் செபிக்காதீர்கள். இயேசுவின் சீடர் தோமா உயிர்த்த ஆண்டவரை நம்பவில்லை, நேரடியாகவே மறுத்துவிட்டார். ஆயினும் எட்டு நாட்களுக்குப் பிறகு மற்றவர்களோடு அதே வீட்டில் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். நம்பாதவரை மற்றவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவரும் எழுந்து போய்விடவில்லை. அந்த எட்டு நாட்களும் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. சாப்பிட்டிருப்பார்கள், கதவைப் பூட்டித் திறந்திருப்பார்கள்.

திருப்பலி முடிந்ததும் ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். முதல் ஓரிரு ஞாயிறு யாரும் பேசாமல் இருக்கலாம். அதற்காக மனம் விடாதீர்கள், கொழும்பு மனிதர்களுக்கு ஒரு முகம் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். கதிரை அடுக்குகிறவர்கள் இருந்தால் போய் இரண்டு கதிரையைத் தூக்குங்கள். கடனைப் பற்றியும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எல்லாரிடமும் வேண்டாம், ஒரு நிதானமான ஆள் போதும்.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு அடுத்த மாதம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னாருக்குப் போக லீவு கிடைக்காது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் இங்கேயே அம்மாவுக்காக ஒரு பூசைக் கருத்துக் கொடுங்கள். சுவாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், அம்மாவின் பெயரை ஒரு துண்டுத் தாளில் தெளிவான எழுத்தில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அந்தக் காலையில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். அம்மாவை ஒருநாளும் கண்டிராத நூறு பேர் அவருக்காக மன்றாட்டுச் சொல்வார்கள். நீங்கள் பின்வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள்.